பிள்ளையின் குற்றமும் அவன் வளரும் தெருவும்

தொண்ணூற்றொன்பது கொலைகள் செய்த ஒரு மனிதனின் வரலாற்றை நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான ஹதீஸ் அது. அவன் ஒரு துறவியிடம் போய், தனக்கு தவ்பா உண்டா என்று கேட்டான். இல்லை என்றதும் அவரையும் கொன்று நூறாக்கினான். பிறகு ஓர் ஆலிமிடம் போனான். தவ்பாவைத் தடுப்பவர் யார் என்று தேற்றிய அவர் அத்தோடு விடவில்லை. அல்லாஹ்வை வணங்குவோர் வாழும் இன்ன ஊருக்குப் போ, உன் ஊருக்குத் திரும்பாதே, அது கெட்ட ஊர் என்றும் சொன்னார். அல்லாஹ்வின் ரஹ்மத்துக்குச் சான்றாக இந்த ஹதீஸைப் பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஊரை மாற்றச் சொன்ன பகுதிதான் நம் காதில் அவ்வளவாக விழுவதில்லை.

ஒரு சிறுவன் குற்றத்தில் அகப்பட்டால், வளர்ப்புச் சரியில்லை என்று பெற்றவள் தலையில் கட்டிவிடுவது நம் வழக்கம். அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஷா, மெக்கே என்ற இரு ஆய்வாளர்கள் இளங்குற்றவாளிகளின் வீடுகளை நகர வரைபடத்தில் குறித்துப் பார்த்து, 1942ல் ஒரு நூல் வெளியிட்டார்கள். சில பேட்டைகளில் குடியிருந்த இனத்தார் காலப்போக்கில் மாறிக்கொண்டே வந்தார்கள். அந்தப் பேட்டைகளில் குற்றம் மட்டும் குறையவில்லை. வறுமையும், ஒருவரையொருவர் அறியாத அண்டை வீடுகளுமே அங்கு நிலைத்திருந்தன.

பச்சைமலை அடிவாரத்து உப்பிலியபுரம் போன்ற ஊர்களில் இருப்போர், இது பட்டணத்து வியாதி என்று எண்ணலாம். திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரி பட்டணமல்ல. அங்கே 2023 ஆகஸ்டில், பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவன் ஒருவனை, உடன் படித்தவர்கள் உள்ளிட்ட சிறுவர்கள் இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அந்த மாணவன் பிழைத்து, மறு ஆண்டு 600க்கு 469 மதிப்பெண் பெற்றான். அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், மாணவர்கள் கையில் கட்டும் சாதி நிறக் கயிறுகளுக்குத் தடை வேண்டும் என்றது. அந்த நிறங்களின் பொருளைப் பாடப்புத்தகமா கற்றுக்கொடுத்தது? வீட்டிலும் தெருமுனையிலும் கேட்டதைத்தான் பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுபோகிறார்கள். நம் பிள்ளைகள் கையில் கயிறு இல்லை என்று நிம்மதி கொள்ளவும் வேண்டாம். விருந்துக்கு உட்கார்ந்து பிறரை ஏளனமாக நாம் பேசுவதையும் பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.

சட்டம் இதை அறியாததல்ல. 1920லேயே சென்னை மாகாணம் சிறுவர்களுக்கெனத் தனிச்சட்டம் கண்டது. இப்போதுள்ள 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதினெட்டு வயது நிரம்பாதவனைப் போலீஸ் லாக்கப்பில் வைக்கலாகாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். நன்னடத்தை அலுவலர் அவனுடைய குடும்பம், சூழ்நிலை பற்றி இரண்டு வாரத்தில் அறிக்கை தரவேண்டும். குற்றம் உறுதியானாலும் பிற்காலத்தில் அதனால் தகுதியிழப்பு இல்லை. கொடுங்குற்றத்துக்காகப் பெரியவனாக விசாரிக்கப்பட்டவனுக்கு மட்டும் இது பொருந்தாது. இந்த விவரங்களைப் பெற்றோர் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பயத்தில் தரகர்களிடம் பணம் இழப்போர் உண்டு.

ஆனால் சட்டம் மறந்ததைத் தெரு மறப்பதில்லை. கூர்நோக்கு இல்லத்திலிருந்து திரும்புகிறவன் அதே சந்துக்குத்தான் வருகிறான். நூறு கொலை செய்தவனுக்குப் போக ஓர் ஊர் இருந்தது. பதினைந்து வயதுப் பையன் எங்கே போவான்? தெருவையே அவனுக்கு வேறு ஊராக மாற்றித்தருவது மஹல்லாவின் பொறுப்பாகிறது. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே பையன்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது ஜமாஅத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். திரும்பிவந்தவனை முதலில் தேடிவருவோர் பழைய கூட்டாளிகள்தாம். அவர்களுக்கு முன்னால் நாம் போய்விட வேண்டும். பள்ளியில் மீண்டும் சேர்க்க அவனோடு ஒரு பெரியவர் போகட்டும். வயது வந்திருந்தால், தொழில் பழக்க ஒரு மெக்கானிக்கோ தையல்காரரோ முன்வரட்டும். தொழுகைக்கு வந்து நிற்கும்போது, பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்க்காமல் ஸஃப்பில் கொஞ்சம் இடம் விட்டால் போதும்.