மால்டா பழப் பாகு: குளிர்காலப் பழம், கோடைகால வருவாய்

நம் நாட்டின் பழ உற்பத்தியில் மாம்பழத்திற்கும் வாழைக்கும் அடுத்தபடியாக எண்ணத்தக்கவை எலுமிச்சை இனப் பழங்கள். நாகபுரியின் ஆரஞ்சு, பஞ்சாபின் கின்னோ, காசி மலைகளின் கமலா, ஆந்திரத்தின் சாத்துக்குடி என்று இவற்றின் பெயரும் சுவையும் வேறுபட்டாலும் ஓர் இயல்பு எல்லாவற்றிற்கும் பொதுவானது. மரத்திலிருந்து பறித்தபின் இவை மேற்கொண்டு பழுப்பதில்லை. மாங்காயைப் போல வைக்கோலில் இட்டுப் பழுக்கவைத்து, விலை பார்த்துச் சந்தைக்கு அனுப்பும் வசதி இவற்றிற்குக் கிடையாது. ஒரு வட்டாரத்துத் தோப்புகள் அனைத்தும் ஒரே பருவத்தில் பழுக்கும்போது விலை சரிவதும், சிறிய பழங்கள் மரத்தடியிலேயே கிடந்து அழுகுவதும் ஆண்டுதோறும் காணும் காட்சி.

இந்தச் சிக்கல் மிகக் கூர்மையாகத் தோன்றும் இடங்களுள் ஒன்று உத்தரகண்ட் மாநிலத்தின் மலை மாவட்டங்கள். சமோலி, ருத்ரபிரயாகை, பௌரி, அல்மோரா, பித்தோராகட் ஆகிய பகுதிகளில் விளையும் 'மால்டா' சாத்துக்குடியின் இனத்தைச் சேர்ந்ததே. ஆயினும் தோல் நல்ல ஆரஞ்சு நிறம், சாறு சற்றுக் கூடுதலான புளிப்பு. டிசம்பர், ஜனவரி மாதங்களில் இது பழுக்கிறது. அதே மாதங்களில் சமவெளிச் சந்தைகளில் நாகபுரி ஆரஞ்சும் கின்னோவும் வந்து குவிகின்றன. மலைப்பாதையில் லாரி வாடகை கொடுத்துக் கீழே இறங்கும் மால்டா, சாலைக்கு அருகிலேயே விளையும் கின்னோவுடன் விலையில் போட்டியிட இயலுவதில்லை. 2023-இல் இப்பழத்திற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது மகிழ்ச்சிக்குரியதுதான். ஆனால் குறியீடு லாரி வாடகையைக் குறைப்பதில்லை. மிகச் சிறியனவான 'சி' தரப் பழங்களுக்கும், 'கல்கல்' எனப்படும் மலை எலுமிச்சைக்கும் மாநில அரசு ஆதரவு விலை அறிவித்து வந்திருப்பதே அவற்றைத் தாமே வாங்க வருவோர் குறைவு என்பதற்குச் சான்று.

பழத்தின் விலையை நிர்ணயிப்பது அதன் பருமன். சாற்றின் சுவையையோ பருமன் நிர்ணயிப்பதில்லை. சிறிய பழத்தைப் பிழிந்து பாகில் சேர்த்துவிட்டால் அது எந்தத் தரத்துப் பழம் என்று எவரும் கேட்கப்போவதில்லை.

வீட்டு வழக்கிலிருந்து

எலுமிச்சை இனப் பழத்தையும் நறுமணப் பொருள்களையும் இனிப்பையும் சேர்ப்பது நம் நாட்டிற்குப் புதிதன்று. வடநாட்டுச் சிகஞ்சியில் எலுமிச்சையுடன் வறுத்த சீரகமும் கறுப்பு உப்பும் சேர்கின்றன. நம் ஊர்களில் இராமநவமிக்குக் கரைக்கும் பானகத்தில் வெல்லம், சுக்கு, ஏலம் ஆகியவற்றோடு எலுமிச்சை பிழிவதும் உண்டு. குமாவோன் மலைகளில் குளிர்கால வெயிலில் அமர்ந்து, உரித்த கல்கல் சுளைகளைத் தயிர், வெல்லம், அரைத்த பாங்கு விதை ஆகியவற்றுடன் பிசைந்து உண்பார்கள். வங்காளத்தில் பாலைக் குறுக்கி, நன்றாக ஆறவைத்து, அதில் கமலா ஆரஞ்சுச் சுளைகளை இட்டுப் பாயசம் செய்கிறார்கள். ஆறுவதற்கு முன் சுளையை இட்டால் பால் திரிந்துவிடும் என்பதை அங்கு எந்த இல்லத்தரசிக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாகபுரியில் ஆரஞ்சு பர்பி ஒரு தொழிலாகவே வளர்ந்துள்ளது.

இவற்றுள் பெரும்பாலானவை அன்று செய்து அன்றே உண்பதற்கானவை. புட்டியில் அடைத்து மாதக்கணக்கில் வைக்கத்தக்கது, சாறு கலந்த நறுமணப் பாகாகிய ஸ்குவாஷ். பொருளாதாரம் பயின்றவன் சமையற்குறிப்பு எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பாக இருக்கலாம். ஆனால் அளவு தெரியாமல் அடக்க விலை கணக்கிட முடியாது என்பதால் செய்முறையை இங்கே சற்று விரிவாகவே கூறவேண்டியுள்ளது.

இரண்டரைக் கிலோ மால்டாவிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோ சாறு கிடைக்கும். இதற்குச் சர்க்கரை ஒன்றேகால் கிலோ, தண்ணீர் முக்கால் லிட்டர், சிட்ரிக் அமிலம் 25 கிராம். நறுமணத்திற்கு 10 ஏலக்காய், 6 கிராம்பு, விரற்கடையளவு இலவங்கப்பட்டை, நசுக்கிய இஞ்சி 25 கிராம். இலவங்கப்பட்டைக்குப் பதிலாக மலையில் விளையும் தேஜ்பாத்து இலையை இடலாம். அதுவும் இலவங்க இனத்தைச் சேர்ந்த மரமே. உத்தரகண்டின் தேஜ்பாத்துக்கு 2016-லேயே புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. இஞ்சியும் அங்கே விளைவதுதான். தொலைவிலிருந்து வரவேண்டியவை ஏலமும் கிராம்பும் மட்டுமே; அவற்றின் அளவோ மிகச் சிறிது.

நறுமணப் பொருள்களை ஒன்றிரண்டாகத் தட்டித் துணியில் முடிந்து, சர்க்கரையும் தண்ணீரும் அமிலமும் சேர்ந்த பாகில் இட்டு, பாத்திரத்தை மூடிப் பத்து நிமிடம் இளங்கொதியில் வைக்க வேண்டும். மூடாமல் கொதிக்கவிட்டால் நறுமண எண்ணெய்கள் ஆவியோடு போய்விடும். அடுக்களை மணக்கும், பாகு மணக்காது. இறக்கி ஆறியதும் முடிச்சை எடுத்துவிட வேண்டும். கிராம்பு நெடுநேரம் ஊறினால் மற்ற எல்லா மணங்களையும் அடக்கி, பல்வலி மருந்தின் நினைவைத் தரும். பாகு முற்றும் ஆறிய பின்னரே சாற்றைச் சேர்க்க வேண்டும். சூட்டில் சேர்த்தால் பழத்தின் மணமும் உயிர்ச்சத்து 'சி'யும் குறையும்.

சாறு பிழிவதில்தான் பயிற்சி தேவை. எலுமிச்சை இனப் பழங்களின் விதையிலும் சுளைத்தோலிலும் உள்ள ஒரு பொருள், சாற்றின் புளிப்போடு கலந்து சில மணி நேரத்தில் 'லிமோனின்' என்னும் கசப்புப் பொருளாக மாறுகிறது. பிழிந்தவுடன் ருசித்தால் இனிக்கும் சாறு மறுநாள் கசப்பது இதனால்தான். சூடு இந்த மாற்றத்தை விரைவுபடுத்தும். கின்னோவில் இக்குறை மிகுதி. அதன் சாற்றைத் தொழிற்சாலைகள் நெடுங்காலம் தயங்கித் தயங்கியே கையாண்டு வந்தமைக்கு இதுவே முதற்காரணம். மால்டாவுக்கும் எச்சரிக்கை வேண்டும். முழுப்பழத்தை இயந்திரத்தில் இட்டு நசுக்கலாகாது. இரண்டாக அறுத்துக் கையால் இயக்கும் பிழிகருவியில் விதை நசுங்காமல் மெல்லப் பிழிந்து, உடனே வடிகட்டி, அன்றே பாகில் சேர்த்துவிட வேண்டும். இந்த ஒரு வேலையில் மட்டும் பெரிய இயந்திரத்தைவிடப் பழகிய கை மேலானது. சிறு குழுக்களுக்கு இயற்கை அளித்துள்ள சலுகை என்றே இதனைக் கருதலாம்.

கெடாமல் காக்கப் பொட்டாசியம் மெட்டா பைசல்பைட் சேர்க்கப்படுகிறது. கிலோவுக்கு 0.6 கிராம் போதும். மேற்கூறிய மூன்று கிலோவுக்கு 1.8 கிராம். சிறிதளவு நீரில் கரைத்துக் கடைசியாகக் கலக்க வேண்டும். இவ்வளவு நுண்ணிய அளவைக் கரண்டியால் அளப்பது தவறு. சிறு மின்னணுத் தராசு ஒன்று குழுவுக்கு இன்றியமையாதது. சேர்த்த செய்தியைப் புட்டியின் சீட்டில் அச்சிடுதல் சட்டப்படியான கடமை. கந்தகப் பொருள் ஒவ்வாத ஆஸ்துமா நோயாளிகளுக்கு அது உயிர்காக்கும் செய்தியுமாகும். அரைமணி நேரம் கொதிநீரில் இட்டெடுத்த புட்டிகளில், கழுத்தில் ஓர் அங்குலம் விட்டு நிரப்பி மூடினால் ஆறு முதல் ஒன்பது மாதம் வரை நிற்கும்.

தோலையும் வீணாக்க வேண்டியதில்லை. பலமுறை நீர் மாற்றி வேகவைத்துக் கசப்பு நீக்கிய தோலை, இதே நறுமணப் பாகில் நாளுக்கு நாள் பாகின் கெட்டியை உயர்த்திக்கொண்டே ஊறவைத்து உலர்த்தினால் நல்ல இனிப்பாகும். ஆயினும் அது ஒரு வாரத்து வேலை. முதலாண்டிலேயே குழுக்கள் இதில் இறங்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

கணக்கு

1955-ஆம் ஆண்டின் பழப் பண்டங்கள் ஆணை, ஸ்குவாஷில் பழச்சாறு 25 விழுக்காட்டுக்கும், கரைந்த திடப்பொருள் 40 விழுக்காட்டுக்கும் குறையலாகாது என்று விதித்தது. அந்த ஆணையின் இடத்தை 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் ஏற்றபின்னும் இந்த அளவுகள் தொடர்ந்தன. மேலே கூறிய செய்முறையில் சாறு 33 விழுக்காடு. திடப்பொருள் ஏறத்தாழ 45 விழுக்காடு. மொத்தம் இரண்டரை லிட்டர், அதாவது 700 மில்லி லிட்டர்ப் புட்டிகள் மூன்றரை. ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்தால் 50 குவளைப் பானம்.

பழம் கிலோ 10 ரூபாய், சர்க்கரை 45 ரூபாய், புட்டியும் மூடியும் சீட்டுமாக 15 ரூபாய் என்று கணக்கிற்காகக் கொள்வோம். பழத்திற்கு 25 ரூபாய், சர்க்கரைக்கு 56 ரூபாய், புட்டிகளுக்கு 52 ரூபாய் ஆகிறது. பழத்தின் பங்கு ஐந்தில் ஒன்றைக்கூட எட்டவில்லை. மலைப்பழத்தின் பெயரால் விற்கும் பண்டத்தில் பெரும்பகுதிப் பணம் சமவெளியின் சர்க்கரை ஆலைக்கும் புட்டித் தொழிற்சாலைக்கும் இறங்கிவிடுகிறது. பழம் பதனிடும் தொழிலால் தோட்டக்காரர் வாழ்வு உயரும் என்று பொதுவாகப் பேசுவோர் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் போட்டுப் பார்ப்பதில்லை.

ஆகவே சாற்றின் விகிதம் முக்கியமானது. சட்டத்தின் குறைந்த அளவான 25 விழுக்காட்டில் நின்றால் புட்டிக்கு அரைக்கிலோவுக்குச் சற்று மேல் பழம் செலவாகும். 33 விழுக்காட்டில் 700 கிராம். பழத்தால் கூடும் செலவு புட்டிக்கு இரண்டு ரூபாய் மட்டுமே. தோப்புக்கோ அதே எண்ணிக்கைப் புட்டிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல் பழம் விலைபோகிறது. பெரிய நிறுவனங்களின் ஸ்குவாஷோடு விலையில் போட்டியிட முடியாத குழு, சாற்றின் அளவிலும் நறுமணத்திலும் போட்டியிடலாம். அந்த விகிதத்தைச் சீட்டின் முன்பக்கத்திலேயே பெரிய எழுத்தில் அச்சிடவும் செய்யலாம்.

இனி, மூலதனம். ஜனவரியில் செய்த பாகு ஜனவரியில் விற்பதில்லை. குளிரில் எவரும் சர்பத்து கேட்பதில்லை. பத்ரிநாத், கேதார்நாத் கோயில்களின் நடை திறந்து, ருத்ரபிரயாகை, சமோலி வழியே யாத்திரிகர்கள் ஏறத் தொடங்குவது ஏப்ரல் இறுதியிலோ மே மாதத்திலோதான். ஆயிரம் புட்டிகளுக்குப் பழம் 7,000 ரூபாய், சர்க்கரை ஏறத்தாழ 15,750 ரூபாய், புட்டி 15,000 ரூபாய். எரிபொருளும் நறுமணப் பொருளும் சேர்த்தால் 40,000 ரூபாயை எட்டும். இத்தொகை நான்கைந்து மாதம் அலமாரியில் அடைந்து கிடக்கிறது. 2020-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் குறு உணவுப் பதனிடு நிறுவனத் திட்டத்தில் சுய உதவிக் குழுவின் உறுப்பினர் ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க மூலதனம் அளிக்க வகைசெய்யப்பட்டது. இக்கணக்கோடு அது பொருந்தி நிற்கிறது.

அந்த உதவி எட்டாத குழு வங்கியை நாடும்போது, கடன் வழங்கிய மறுமாதமே தவணை கேட்கும் வழக்கமான ஏற்பாடு இத்தொழிலுக்கு ஒவ்வாது. பிப்ரவரியில் தவணை கட்ட வேண்டிய குழு, முன்பணம் நீட்டும் வியாபாரியிடம் அடக்க விலைக்கே புட்டிகளைக் கொடுத்துவிடும்; மே மாதத்து லாபம் அவருடையதாகும். பயிர்க்கடனுக்கு அறுவடை வரை பொறுக்கும் வங்கிகள், பழப்பாகுக் கடனின் முதல் தவணையை ஜூன் மாத இறுதிக்கு வைக்கலாம். இதற்கு மானியம் தேவையில்லை. வட்டித் தள்ளுபடியும் தேவையில்லை. கடன் பத்திரத்தில் ஒரு தேதியை மாற்றி எழுதினால் போதும்.