கரிசல் செடிகளை யாரிடம் கேட்பது?

கேள்வி: திருச்சுழிப் பக்கத்துச் செடிகொடிகளைக் காக்க ஆசை. விவரங்களை எங்கே தேடுவது?

பதில்: முதலில் உங்கள் ஊர் ஆடு மேய்ப்பவரிடம். எது எப்போது பூக்கும், எதை ஆடு தொடாது என்பது அவருக்குத்தான் தெரியும். அவர் சொல்லும் பெயர்களை இடம், தேதியோடு எழுதிவையுங்கள். அறிவியல் பெயருக்கு, கேம்பிள் தொடங்கி ஃபிஷர் 1936இல் முடித்த சென்னை மாகாணத் தாவர நூல் இன்றும் கைகொடுக்கும், இணையத்தில் இலவசம். மானாவாரி மரங்களுக்கு அருப்புக்கோட்டையிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

எனக்குள்ள கவலை வேறு. சீமைக்கருவேலத்தை அழிக்கும் வேகத்தில் நம் உடைமரமும் போய்விடுகிறது. உடைக்குக் குடை விரித்த தலை, உருண்டையான வெள்ளைப் பூ. சீமைக்கருவேலத்தின் பூ நீண்ட மஞ்சள் கதிர். பொக்லைன் வருமுன் உடைமரங்களில் சுண்ணாம்பு அடையாளம் போட்டுவிடுங்கள்.