புகை சொன்ன செய்தி

இந்தியாவில் தென்மேற்குப் பருவமழையை முதலில் வரவேற்கும் நிலப்பகுதி அந்தமான் நிக்கோபார்த் தீவுகளே. மே மாதத்தின் மூன்றாம் வாரத்தில் இங்கு மழை தொடங்கிவிடும். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும். குன்றுகளுக்கு இடையே சிறு சிறு வயல்கள் அமைந்துள்ளமையால், பெரிய டிராக்டரைவிடப் பவர் டில்லரே இங்கு மிகுதியும் பயன்படுகிறது. இரண்டு சக்கரங்கள் கொண்ட இச்சிறிய உழவு இயந்திரத்தை, உழவர் பின்னால் நடந்தவாறே கைப்பிடியைப் பற்றிச் செலுத்துவார்.

மத்திய அந்தமானில் ரங்கத் அருகே ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்ந்து வந்தது. தாத்தா காலத்தில் இராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம் அது. ஒவ்வோர் ஆண்டும் வாடகை இயந்திரத்திற்காகக் காத்திருந்து சலித்த தந்தை, சொந்தமாக ஒரு பவர் டில்லர் வாங்க விரும்பினார். பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் தம் பழைய இயந்திரத்தை 60,000 ரூபாய்க்கு விற்பதாக அறிந்தார். "இயந்திரத்தில் சிறிய கோளாறுதான். உடனே சரியாகிவிடும்" என்று பெரியவர் கூறியிருந்தார்.

ஏப்ரல் மாதத்து ஞாயிறு ஒன்றில், தந்தை தமக்குப் பழக்கமான மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு புறப்பட்டார். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளும் உடன் சென்றாள்.

பெரியவர் கைப்பிடியைச் சுழற்றியதும் இயந்திரம் உடனே ஓடத் தொடங்கியது. தந்தையின் முகம் மலர்ந்தது. ஆனால் மகள், "அப்பா, நாம் வரும்போதே இதன் நீர்த்தொட்டியிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. முன்பே ஓட்டியிருப்பார்களோ?" என்று மெல்லக் கேட்டாள்.

"ஆம் அம்மா, எளிதில் ஓடட்டும் என்று காலையில் சற்று நேரம் ஓட்டினேன்" என்றார் பெரியவர்.

"அண்ணா, நன்றாக ஆறட்டும். குளிர்ந்த நிலையில் பார்த்தால்தான் உண்மை தெரியும்" என்றார் மெக்கானிக். மூவரும் தென்னை நிழலில் காத்திருந்தனர்.

இரண்டு மணி நேரம் கழிந்தது. மெக்கானிக் கைப்பிடியை மெதுவாகச் சுழற்றினார். அது தடையின்றிச் சுழன்றது. "டீசல் இயந்திரத்தில் தீப்பொறி இல்லை. உருளைக்குள் காற்று இறுக அழுத்தப்படுவதால் உண்டாகும் வெப்பத்தில்தான் டீசல் எரிகிறது. அழுத்தம் இருந்தால் சுழற்றும்போது கை தடுக்கப்படும். இங்குத் தடை குறைவு; அழுத்தம் எங்கோ கசிகிறது" என்று அவர் விளக்கினார்.

பலமுறை முயன்ற பின்னரே இயந்திரம் ஓடியது. புகைபோக்கியிலிருந்து நீலநிறப் புகை எழுந்தது.

"புகைக்கும் மொழி உண்டு" என்றார் மெக்கானிக். "காற்று வடிகட்டி அடைபட்டாலோ டீசல் மிகுந்தாலோ கரும்புகை வரும். டீசல் எரியாமல் வெளியேறினாலும், உள்ளே நீர் புகுந்தாலும் வெண்புகை வரும். நீலப்புகை வந்தால் இயந்திர எண்ணெய் எரிகிறது என்று பொருள். இதில் பிஸ்டன் வளையங்களும் உருளையின் உட்சுவரும் தேய்ந்திருக்கின்றன. இது வடிகட்டியை மாற்றித் தீர்க்கும் கோளாறு அன்று. இயந்திரத்தைப் பிரித்தாக வேண்டும். உதிரிப் பாகங்களுக்கும் கூலிக்கும் 20,000 ரூபாய் ஆகும்."

பற்சக்கரங்களும் உழும் கத்திகளும் நல்ல நிலையில் இருந்தன. ஆவணங்களிலும் குறையில்லை.

இரவில் தாய் ஒரு கேள்வி கேட்டார்: "மழைக்கு முன் இது ஓடுமா?"

தந்தை பதில் கூறவில்லை. உதிரிப் பாகங்கள் சென்னையிலிருந்து வரவேண்டும். சென்னைக்கும், முன்பு போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்திற்கும் இடையே 1,300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல் இருக்கிறது. கப்பல் கடந்து வர மூன்று நாள் அளவு ஆகும். ஆனால் அடுத்த கப்பல் எந்நாள் என்பதையும் பார்க்க வேண்டும். அங்கிருந்து ரங்கத்திற்குச் சாலைவழிப் பயணம் வேறு. பாகம் வருவதற்குள் மழை முந்திக்கொண்டால், சேமிப்பும் போய்ப் பருவமும் போகும்.

மகள் தாளெடுத்துக் கணக்கிட்டாள். குறையில்லாத பழைய பவர் டில்லர் அப்பகுதியில் 65,000 ரூபாய்க்குக் கிடைக்கும். பழுது நீக்கும் செலவு 20,000 ரூபாய். இப்பருவத்திற்கு வாடகை உழவு 5,000 ரூபாய். இரண்டையும் கழித்தால் மீதி 40,000 ரூபாய்.

"அப்படியானால் இதன் விலை 60,000 அன்று அப்பா, 40,000தான்" என்றாள்.

மறுநாள் தந்தை பெரியவரிடம் சென்று, கண்ட குறைகளையும் கணக்கையும் மறைக்காமல் எடுத்துரைத்தார். "குறை இவ்வளவு பெரிது என்று நானே அறியவில்லை" என்று பெரியவர் வருந்தினார். இரண்டு நாள் சிந்தித்தபின் 40,000 ரூபாய்க்கு இசைந்தார்.

மே மாதத்தில் மழை வந்தது. வாடகை இயந்திரம் வயலை உழுதது. வாங்கிய பவர் டில்லர் தகரக் கொட்டகையில் கப்பலை எதிர்நோக்கிக் காத்திருந்தது. அதைக் கண்டு வீட்டில் எவரும் கவலைப்படவில்லை. அக்காத்திருப்பும் கணக்கில் முன்பே சேர்ந்திருந்தது.

திருக்குறளின் 47ஆம் அதிகாரம் 'தெரிந்துசெயல்வகை'. ஒரு செயலால் அழிவது எது, ஆவது எது, பின்னர்க் கிடைக்கும் ஊதியம் எது என்று எண்ணிச் செய்யுமாறு வள்ளுவர் அங்கு அறிவுறுத்துகிறார்.

அருஞ்சொற்பொருள்
ஊதியம் – பயன், இலாபம்
உதிரிப் பாகம் – இயந்திரத்தின் மாற்றுறுப்பு
இசைதல் – உடன்படுதல்

பயிற்சி
1. இயந்திரம் ஆறும்வரை காத்திருந்தது ஏன்?
2. மூவகைப் புகைகளும் எவற்றைக் காட்டுகின்றன?
3. தாயின் கேள்வி முடிவை எவ்வாறு மாற்றியது?
4. பெரியவர் விலையைக் குறைக்க மறுத்திருந்தால், அக்குடும்பம் என்ன செய்திருக்க வேண்டும்? காரணத்துடன் ஐந்து தொடர்களில் எழுதுக.
5. உங்கள் வீட்டில் பழைய பொருள் ஒன்றை வாங்கியபோது எவற்றை ஆராய்ந்தனர்? பெற்றோரிடம் கேட்டு எழுதுக.