மஞ்சள் எங்கே பிறக்கின்றது?

மஞ்சளும் நீலமும் சேர்ந்தாற் பச்சை பிறக்கும் என்பது கீழ்வகுப்பிலே சித்திரம் பயின்ற எவரும் அறிந்ததே. சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் யாது பிறக்கும்? சாயத்தைக் குழைத்துப் பார்த்தோர் அழுக்கேறிய கபிலநிறம் என்பர். ஆயின், இருள்செய்த அறையிலே ஒரு கைவிளக்குக்குச் சிவப்புக் கண்ணாடித்தாளும் மற்றொன்றுக்குப் பச்சைத்தாளும் சுற்றி, இரண்டின் ஒளியையும் வெண்சுவரில் ஓரிடத்தே விழச்செய்யின், அவ்விடம் மஞ்சளாகத் தோன்றும். விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் இதனைக் காட்டியபோது, யாம் நம்பாது சுவரருகே சென்று பார்த்தோம். தமிழாசிரியனுக்கு இத்துறையில் என்ன வேலை என்பார்க்கு விடை பின்னர் வரும்.

சாயம் ஒளியைத் தருவதன்று, விழுங்குவது. மஞ்சட்சாயம் தன்மேல் விழும் வெள்ளொளியில் நீலப்பகுதியை விழுங்கி, எஞ்சியதைத் திருப்பிவிடும். நீலச்சாயம் சிவப்பையும் மஞ்சளையும் விழுங்கும். இரண்டையும் குழைத்தால், இரண்டுக்கும் இரையாகாது தப்புவது பெரும்பாலும் பச்சையே. விளக்கொளிகளோ ஒன்றையொன்று விழுங்குவதில்லை. முன்னது கழித்தற்கணக்கு, பின்னது கூட்டற்கணக்கு.

தூய சிவப்பொளியும் தூய பச்சையொளியும் கூடித் தோன்றிய மஞ்சளை அரியத்தினூடே செலுத்தினால், சிவப்பும் பச்சையுமே பிரிந்து வரும். மஞ்சட்கதிர் அதில் இராது. ஞாயிற்றொளியிலிருந்து அரியம் பிரித்துத்தரும் மஞ்சட்கதிரோ, மற்றோர் அரியத்தினூடே சென்றாலும் மஞ்சளாகவே நிற்கும். இதனை நியூற்றன் 1672இல் வெளியிட்டார். தன்மையால் வேறாகிய இவ்விரண்டையும் கண் ஒன்றெனக் காண்பதேன்? கலப்பு நிகழுமிடம் சுவரன்று, கண்ணே.

விழித்திரையில் மூவகை உணர்கருவிகள் இருத்தல்கூடும் எனத் தோமசு யங் 1802இல் ஊகித்தார். அவ்வூகம் பிற்காலத்தில் மெய்யாயிற்று. நெட்டலை, இடையலை, குற்றலை ஆகியவற்றுக்கு மிகுதியாக இசையும் மூவகைக் கூம்புக்கலங்கள் அங்கே உள. மஞ்சட்கதிர் முதலிரண்டையும் ஒருங்கே கிளர்த்தும். சிவப்பும் பச்சையும் கூடிவரினும் அதே கிளர்ச்சியே உண்டாம். எந்தக் கதிர் வந்ததென்பதைக் கூம்பு சொல்லாது. எவ்வளவு கிளர்ந்தது என்பதையே சொல்லும். 1861இல் மக்சுவெல் இலண்டனிலே ஒரு வண்ண நாடாவைச் சிவப்பு, பச்சை, நீல வடிகளினூடே தனித்தனி எடுத்த மூன்று படங்களை, அதே வடிகளினூடே ஒரே திரையில் விழச்செய்து, நாடாவை அதன் நிறங்களோடு காட்டினார். இன்றைய தொலைக்காட்சித் திரையில் தோன்றும் மஞ்சட்பூவை உருப்பெருக்குக் கண்ணாடிகொண்டு நோக்குக. சிவப்பும் பச்சையுமான புள்ளிகளே தெரியும்.

இனி எம் கதைக்கு வருவோம். தொழிலிற் புகுந்த புதிதில், வேறொரு பாடசாலையிலே, சித்திர ஆசிரியர் வாராத நாளொன்றில் அவர் வகுப்பை யாம் ஏற்றிருந்தோம். மாணாக்கன் ஒருவன் மாவிலைக்குக் கபிலநிறம் தீட்டியிருந்தான். குறும்பெனக் கருதி, அவனை எல்லோர் முன்னும் நிறுத்தித் தாளைக் கிழித்தோம். "பச்சைதான் சேர் அடிச்சனான்" என்று அவன் அழுததையும் பொய்யென்றே கொண்டோம். நண்பரின் சுவரில் மஞ்சளைக் கண்ட அன்றே, கூம்பு ஒருவகை குறையின் யாதாகும் என அவரை வினவினோம். பச்சையும் கபிலமும் சிலர்க்கு வேறுபடா என்றார் அவர். ஐரோப்பிய ஆடவரில் நூற்றுக்கு எட்டுப்பேரளவில் இத்தகைய குறையுடையர். பெண்களில் மிகச் சிலரே.

அணுக்கொள்கை கண்ட தாற்றனும் அவருள் ஒருவர். தம் குறையை 1794இல் அவரே விரித்துரைத்தார். கண்ணினுள்ளிருக்கும் நீர்மம் நீலம் படிந்ததே காரணமென நம்பித் தாம் இறந்தபின் கண்ணை ஆராயுமாறு பணித்தார். 1844இல் அவ்வாறே செய்தனர்; நீர்மம் தெளிவாகவே இருந்தது. காத்துவைத்த அக்கண்ணின் மரபணுவை 1995இல் ஆராய்ந்தோர், இடையலைக் கூம்புக்குரிய நிறப்பொருள் அவர்க்கு வாய்க்கவில்லை எனக் கண்டனர்.

எம் வகுப்பிலுள்ள வர்ணப்பென்சில் ஒவ்வொன்றிலும் இப்போது நிறத்தின் பெயரை எழுதி ஒட்டுகின்றோம்.