மதுரங்குளியில் வீடு பார்க்கும் முன்: தரம் 1 பாடசாலையைத் தெரிவு செய்தல்

இலங்கையில் அரசாங்கப் பாடசாலையொன்றின் தரம் 1 இல் பிள்ளையைச் சேர்ப்பதற்குக் குடும்பம் வசிக்கும் முகவரியே பெரும்பாலும் ஆதாரமாகிறது. கல்வி அமைச்சு ஆண்டுதோறும் வெளியிடும் சுற்றறிக்கையின்படி இடங்களில் 50 வீதம் அண்மையில் வசிப்போரின் பிள்ளைகளுக்கும், 25 வீதம் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கும், 15 வீதம் ஏற்கெனவே கற்பவர்களின் சகோதரருக்கும் ஒதுக்கப்பட்டு வந்துள்ளன. ஆகவே புத்தளம் மாவட்டத்து மதுரங்குளிப் பக்கம் குடியேற எண்ணுவோர் பாடசாலையை முதலிலும் வீட்டை அடுத்தும் பார்ப்பது நல்லது.

1. மொழிமூலமும் வகையும். கடையாமோட்டை, கணமூலை போன்ற ஊர்களில் தமிழ்மூல முஸ்லிம் பாடசாலைகள் உள்ளன. முஸ்லிம் பாடசாலைகளுக்கு ரமழான் நோன்புக்கால விடுமுறை உண்டு. வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் முஸ்லிம் பாடசாலையிலும் மற்றவர் வேறு வகைப் பாடசாலையிலும் கற்றால் விடுமுறைகள் ஒத்துவரா. வகை 2 பாடசாலை தரம் 11 வரையும், 1சி பாடசாலை உயர்தரக் கலை, வர்த்தகப் பிரிவுகள் வரையும், 1ஏபி பாடசாலை விஞ்ஞானப் பிரிவு வரையும் செல்லும். ஆரம்ப வகுப்புடன் முடியும் பாடசாலையைத் தெரிவு செய்தால் பின்னர் இன்னோர் அனுமதிக்கு அலைய வேண்டியிருக்கும்.

2. தூரம். வீட்டின் பிரதான வாசலிலிருந்து பாடசாலை அலுவலகம் வரை நேர்கோட்டில் தூரம் அளக்கப்படும். விரும்பும் பாடசாலையை விட வீட்டுக்குக் கிட்டவாக, பிள்ளையைச் சேர்க்கக்கூடிய வேறு அரசாங்கப் பாடசாலைகள் இருந்தால், தெரிவுக்காக விண்ணப்பத்துக்கு இடப்படும் புள்ளிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பகுதி கழியும். வரைபடத்தில் வீட்டை மையமாக வைத்து வட்டம் போட்டால் இது தெரிந்துவிடும். பிள்ளை நடக்கும் வழியை நேர்கோடு காட்டாது; கொழும்பு–புத்தளம் வீதியையோ ரயில் பாதையையோ கடக்க வேண்டுமா, மாரியில் வெள்ளம் நிற்குமா என்று நடந்தே பார்க்க வேண்டும்.

3. வதிவிடச் சான்று. தேருநர் இடாப்பில் பெற்றோரின் பெயர் அந்த முகவரியில் 5 ஆண்டுகள் தொடர்ந்து இருந்தால்தான் அதற்குரிய புள்ளி முழுமையாகக் கிடைக்கும். பிள்ளை பிறந்த கையோடு குடியேறியவருக்கும் முன்பள்ளிக்குப் போகும் வயதில் குடியேறியவருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். காணி உறுதி, வாடகை ஒப்பந்தம், மின்சார, நீர்க் கட்டணப் பட்டியல்கள் என்பவற்றைக் குடியேறிய நாளிலிருந்தே சேர்த்து வைக்க வேண்டும். இடாப்புப் பதிவை ஆண்டுதோறும் கிராம உத்தியோகத்தரிடம் உறுதி செய்ய வேண்டும்.

4. நேரில் ஒப்பிடல். தரம் 1, 2 வகுப்புகளுக்கு நிரந்தர ஆசிரியர் உண்டா, வகுப்பொன்றில் எத்தனை பிள்ளைகள், குடிநீரும் மலசலகூடமும் எப்படி, பிள்ளைகள் சத்தமாக வாசிக்கிறார்களா என்பவற்றைக் கவனிக்கலாம். தரம் 5 புலமைப்பரிசில் பெறுபேற்றைப் பார்க்கும்போது வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்களோடு தோற்றியவர்களின் தொகையையும் கேட்க வேண்டும். பத்தில் மூன்றும் ஐம்பதில் மூன்றும் ஒன்றல்ல. மாலை வகுப்பின் உழைப்பும் அந்தப் பெறுபேற்றில் கலந்திருக்கும்.

5. விண்ணப்பம். அனுமதி பெறும் ஆண்டின் ஜனவரி 31 அன்று பிள்ளைக்கு 5 வயது நிறைந்திருக்க வேண்டும். முந்தைய ஆண்டின் நடுப்பகுதியில் கோரப்படும் விண்ணப்பங்களை ஒன்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். கழியும் புள்ளிகள் குறைந்த பாடசாலை ஒன்றாவது அவற்றுள் இருக்க வேண்டும். விண்ணப்பம் இடங்களை விடக் குறைவாக வரும் சிறிய பாடசாலையில் புள்ளிப் போட்டியே எழாது. நேர்முகப் பரீட்சைக்குப் பின் வெளியாகும் தற்காலிகப் பட்டியலில் பெயர் இல்லையெனில், அறிவிக்கப்பட்ட காலத்துக்குள் மேன்முறையீடு செய்யலாம்.