முதலில் நடை, பிறகு துடுப்பு

மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியோர் பலருக்கு, உடலை அசைத்தால் இதயம் மீண்டும் பாதிக்கப்படுமோ என்ற அச்சம் இருக்கிறது. குடும்பத்தாரும் அன்பின் மிகுதியால் அவரை நாற்காலியிலேயே அமர்த்திவிடுகின்றனர். ஆனால் நீண்ட ஓய்வு தசைகளைத் தளர்த்திவிடும். பின்னர்ச் சிறு வேலைக்கும் இதயம் கூடுதலாக உழைக்க நேரும்.

மருத்துவர் அனுமதித்தபின் வீட்டருகே உள்ள ஏரிக்கரையிலோ வயலோரச் சாலையிலோ நடக்கத் தொடங்கலாம். தொடக்கத்தில் நாளுக்கு இருமுறை, 5 முதல் 10 நிமிடம் போதும். சில நாள்களுக்கு ஒருமுறை ஓரிரு நிமிடம் கூட்டுக. பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உடலுழைப்பு தேவை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதனைப் படிப்படியாக எட்டினால் போதும். நடக்கும்போது உடன் வருபவரோடு தடையின்றிப் பேச முடிய வேண்டும். பேச்சு திணறினால் வேகத்தைக் குறைத்திடுக.

முட்டுக்காடு, பிச்சாவரம் போன்ற உப்பங்கழிகளுக்குச் செல்வோர், தாமே துடுப்புப் போடும் கயாக் படகில் ஏற விரும்புவதுண்டு. இங்கு ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். கைத்தசைகள் கால்தசைகளைவிடச் சிறியவை. ஒரே அளவு வேலையைக் கைகளால் செய்யும்போது நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் அதிகமாக உயரும். ஆகவே, எளிதாக நடப்பவர் எல்லாரும் உடனே துடுப்புப் போட இயலாது. பைபாஸ் அறுவை சிகிச்சை பெற்றோர்க்கு மார்பெலும்பு நன்கு கூட ஏறத்தாழ 3 மாதம் ஆகும். அதுவரை துடுப்பைத் தொடவே வேண்டா. முதல் முறை, படகோட்டி செலுத்தும் படகில் பயணியாக அமர்ந்து வருவதே நன்று.

அனுமதி கிடைத்தபின் கயாக்கில் செல்வோர் உயிர்காப்பு உடை அணிக, தனியே செல்லற்க. முதலில் காற்றுக்கு எதிராகச் சென்றால், களைத்துத் திரும்பும்போது காற்று துணை செய்யும். வெயில் ஏறுமுன் கரை சேர்க. நீரிழிவு உள்ளோர் சர்க்கரையோ இனிப்போ உடன் வைத்திருக்க வேண்டும்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தலைச்சுற்றல் ஏற்பட்டால் உடனே நிறுத்தி அமர்க. நாவுக்கடியில் வைக்கும் மாத்திரை உங்களுக்குத் தரப்பட்டிருந்தால் ஒன்றை வைத்துக்கொள்க. 5 நிமிடத்தில் வலி தணியாவிடில் 108-ஐ அழைத்திடுக.

குடும்பத்தார் தடுப்பதைவிட உடன் நடப்பதே பெரும் உதவி. எவ்வளவு தொலைவு நடக்கலாம், துடுப்பை எப்போது தொடலாம் என்று அடுத்த பரிசோதனையின்போது தயங்காமல் கேளுங்கள்.