இரங்கல் கூட்டத்துக்குத் தேதியோடு போங்கள்

எங்கள் பக்கம் ஒருவர் போய்ச் சேர்ந்தால் முதலில் வருவது பிளெக்ஸ்தான். கோலியனூர் கூட்ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒன்றைப் படித்துப் பாருங்கள். நடுவில் இறந்தவர், மேலே கட்சித் தலைவர்கள், கீழே காசு போட்டவர்கள் வரிசையாக. பண்பாளர், கொடைவள்ளல், ஏழைப் பங்காளர் என்று பட்டங்கள் இருக்கும். மனுஷன் என்ன செய்தார் என்பதற்கு ஒரு வரி இருக்காது. பெயரையும் படத்தையும் மாற்றினால் அடுத்த தெருச் சாவுக்கும் அதையே கட்டலாம்.

எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த வாத்தியார் காலமானபோது இந்த எரிச்சலில்தான் நாங்கள் சில பழைய மாணவர்கள் ஒரு சிறு நூல் போட்டோம். அரசுப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் வந்தபின் 1996இல் நடந்த முதல் உள்ளாட்சித் தேர்தலில் நின்று ஊராட்சித் தலைவர் ஆனார். தலைவர் பதவிக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. ஆனால் அவர் எந்தக் கட்சி என்பது ஊரில் குழந்தைக்கும் தெரியும். அடுத்த முறை தோற்றார். அதற்குப் பிறகும் ஊர்க்காரர்கள் மனு எழுத அவர் திண்ணைக்குத்தான் வந்தார்கள். கடைசிவரை எல்லோருக்கும் ‘வாத்தியார்’தான், தலைவர் என்று யாரும் கூப்பிட்டதில்லை.

அந்த நூலுக்குப் பிறகு விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே யாருக்கு நினைவுமலர் என்றாலும் என்னைத் தேடி வருகிறார்கள். வருபவர்களிடம் வாயால் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதல் வேலை காகிதம். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வீட்டில் பரண் ஒழிப்பார்கள். பழைய பேப்பர்காரர் தராசோடு வாசலில் நிற்பார். அதற்குள் போய்விட வேண்டும். “அம்மா, சாரோட நோட்டுப் புஸ்தகம் எதையும் எடைக்குப் போட்டுடாதீங்க” என்று கேட்டுக்கொண்டதால்தான் எங்களுக்கு அவர் மனுக்களைக் குறித்துவைத்த நீள நோட்டுகள் கிடைத்தன. ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கேலால் கோடு போட்டு ஐந்து கட்டம்: தேதி, யாருக்காக, யாருக்கு, விஷயம், பதில். பதிவுத் தபாலின் ஒப்புதல் அட்டையை அந்தந்த வரிக்கு நேரே சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தார். பதில் வராத இடத்தில் சிவப்பு மையில் ஒரு சுழி. சில பக்கங்களில் சுழிகளைத் தவிர வேறொன்றும் இல்லை. கோலியனூரான் வாய்க்கால் தூர்வாரக் கேட்ட மனு மட்டும் வருஷா வருஷம் திரும்பத் திரும்ப வருகிறது, வாசகம்கூட மாறவில்லை. எங்களுக்கு மனு எழுதப் பழக்கும்போது அவர் சொல்வார்: “கோவம் இருக்கலாம்டா, தப்பில்ல. தேதி இல்லாம இருக்கக் கூடாது.”

தேதி என்றதும் இன்னொன்று. எங்கள் மாவட்டத்துக்காரர் ஒருவரைப் பற்றிப் பழைய ஆவணம் தேடினால் ‘விழுப்புரம்’ என்று தேடிப் பயனில்லை. 1993 செப்டம்பர் வரை இது தென்னார்க்காடு மாவட்டம், தலைநகர் கடலூர். 2019இல் கள்ளக்குறிச்சியும் பிரிந்துவிட்டது. ஆகவே அவர் வாழ்ந்த காலத்தில் அந்த ஊர் எந்த மாவட்டம், எந்தத் தாலுகா, எந்தத் தொகுதி என்று முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

ஏ. கோவிந்தசாமியை எடுத்துக்கொள்ளுங்கள். 1952 தேர்தலில் எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சியில் நின்று வென்றவர். 1957இல் எங்களுக்குப் பக்கத்து வளவனூரில் வென்றார், தி.மு.க. முதன்முறையாகச் சட்டமன்றத்துக்குள் நுழைந்த அந்தப் பதினைந்து பேரில் ஒருவர். 1967இல் முகையூர், அண்ணா அமைச்சரவையில் வேளாண்மை. அண்ணா 1969 பிப்ரவரியில் மறைந்தார், மே மாதம் இவரும் போய்விட்டார். வளவனூர், முகையூர் என்ற தொகுதிகள் இன்றைய பட்டியலில் இல்லை. தொகுதி பெயரை வைத்துத் தேடும் இளைஞருக்கு இவர் எங்கே அகப்படுவார்? 2025 ஜனவரியில் வழுதரெட்டியில் இவருக்கு நினைவரங்கம் திறந்தார்கள், நல்லது. ஆனால் மேடைக்கு மேடை உதயசூரியன் சின்னத்தை அவர் தி.மு.க.வுக்குத் தந்த கதையோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இரண்டு வருஷம் வேளாண்மைத் துறையைப் பார்த்த மனிதர், விவசாய ஜில்லாக்காரர். அந்த இரண்டு வருஷத்துச் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளை ஒருவர் உட்கார்ந்து படித்தால் ஒரு நல்ல கட்டுரை கிடைக்கும் என்று பல பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

திண்டிவனம் பக்கத்து ஓமந்தூராருக்கு வேறுவிதமான கஷ்டம். எளிமையானவர், நேர்மையானவர் என்று சொல்லிச் சொல்லியே அவரைத் தேய்த்துவிட்டார்கள். 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை, சென்னை மாகாண முதல்வராக இரண்டே வருஷம்தான் ஆட்சி. அதற்குள் கோயில் நுழைவுச் சட்டம், தேவதாசி ஒழிப்புச் சட்டம், 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம். இந்த மூன்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாலே போதும், அடைமொழி தேவைப்படாது. அதோடு சொந்தக் கட்சிக்காரர்களே அவரை இருக்கவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதை விட்டுவிட்டால், பதவி போனபின் அவர் வடலூருக்குப் போய் வள்ளலார் வழியில் பள்ளி, அநாதைப் பிள்ளைகள் என்று இறங்கியது எதனால் என்று கேட்பவருக்குப் புரியாது.

எங்கள் வாத்தியார் தோற்ற தேர்தலை நூலில் சேர்க்கலாமா என்று வீட்டில் தயங்கினார்கள். சேர்த்தோம். ஏரிக்கரை ஆக்கிரமிப்பை எடுக்கச் சொல்லிச் சொந்தப் பங்காளிகளோடு மோதியதால் போன ஓட்டு அது. அதை மறைத்தால் மீதி இருப்பது பிளெக்ஸ் வாசகம்.

யாரைப் பேசவைப்பது என்பதில்தான் கூட்டம் நிற்கும், இல்லை சரியும். மாவட்டம், ஒன்றியம், கிளை என்று பதவி வரிசையில் மைக் போனால், கடைசி ஆள் பேசும்போது கேட்பதற்குப் பந்தல்காரர்தான் இருப்பார். நாங்கள் ஒரு இருளர் அக்காவை முதலில் பேசச் சொன்னோம். பழங்குடிச் சான்றிதழ் ஆர்.டி.ஓ. கொடுக்க வேண்டியது, அது கைக்கு வராமல் இந்த ஜில்லாவில் எத்தனை இருளர் பிள்ளைகளின் படிப்பு நின்றிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னார்: “என் பொண்ணுக்கு சர்டிபிகேட் வாங்க வாத்தியார் என்கூட பஸ்ஸுல வந்தாரு. ரெண்டு பேருக்கும் அவர்தான் டிக்கெட் எடுத்தாரு. அங்க பெஞ்சுல என்னையும் பக்கத்துல உக்கார வச்சாரு.” அவ்வளவுதான் பேச்சு. அடுத்து எழுந்த பிரமுகர் கையிலிருந்த தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டார்.

பேசப் போகிறவர்களுக்கு: ‘அவர்களே, அவர்களே’ வரிசையை மேடைத் தலைவர் ஒருவரே சொல்லிவிடட்டும். ஒரு சம்பவம் போதும். நீங்களே கண்ணால் பார்த்ததாக இருக்க வேண்டும். உங்களுக்கும் அவருக்கும் எவ்வளவு நெருக்கம் என்பது அந்தச் சம்பவத்திலேயே தெரியும், தனியாக நிரூபிக்க வேண்டாம். கவிதை வாசிக்க ஆசைப்படுகிறவர்களை என்ன செய்வது என்பதற்கு மட்டும் எனக்கு இன்னும் வழி தெரியவில்லை.

நூல் அச்சானதும் மேடையில் பொன்னாடைக்குப் பதில் கொடுப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அவர் வேலை பார்த்த பள்ளிக்கும் ஊர்ப்புற நூலகத்துக்கும் மாவட்ட மைய நூலகத்துக்கும் முதலில் பிரதி போக வேண்டும். கடைசியில் சில வெற்றுப் பக்கங்கள் விடுங்கள், ஒரு போன் நம்பரும் போடுங்கள். தப்பு கண்டுபிடிக்கிறவர்கள்தான் உண்மையில் படிக்கிறவர்கள். எங்கள் நூலில் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி கட்டிய வருஷத்தைப் பற்றி வாத்தியாரின் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் சண்டைக்கே வந்தார். அது தன் காலத்தில் வந்தது என்கிறார். நோட்டில் வாத்தியாரின் மனு இருக்கிறது, அவரிடம் திறப்புவிழா அழைப்பிதழ் இருக்கிறது. மறுபதிப்பில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவதாகச் சொல்லியிருக்கிறோம். அழைப்பிதழைக் கொடுக்க அவர் ஒத்துக்கொண்டுவிட்டார், ஜெராக்ஸ் மட்டும்.